இருபத்திமூணு ஆமை முட்டை

அன்புள்ள மோகனாவுக்கு நைனா ஆசையோட எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா கீறோம், கறவை மாடும் கன்னும் நல்லா கீது. அங்க ஜெர்மனியில நீயும் மாப்பிள்ளை வசந்த்குமாரும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு பழையசீவரத்து மலைமேல கீற பெருமாள வேண்டிக்கினேன். இதைப் போன்லயே சொல்லிடலாம்னு நாலு வாட்டி பார்த்தேன், வாய் வரல, அதான் உக்காந்து எழுதறேன்.

தை மாசம் திவ்யான்னு ஒரு பொண்ணு நம்ம ஊருக்கு வந்துச்சு, ஆத்து ஆமைங்கள காப்பாத்தற சங்கத்துல வேலை பண்ணுது. ஆத்து மணல்ல வெள்ளரி போடற எங்க ஆறு குடும்பத்தையும் உக்கார வெச்சு, மேட்டு மணல்ல மட்டும் குழி எடுக்காதீங்க, ஆமை முட்டை போடற இடம் அது, அதுக்குப் பதிலா சோலார் மோட்டார் தர்றோம், வெள்ளரிப் பிஞ்ச நாங்களே மெட்ராசுக்கு எடுத்துக்கினு போய் நல்ல வெலைக்கு வித்துத் தர்றோம்னு சொல்லுச்சு. நான் மோட்டாருக்காகத்தான் தலையாட்டினேன், உங்கிட்ட மறைக்க இன்னா கீது. மூலத்துக்கு நல்லதுன்னு நானும் பக்கத்துக் கொல்லை வேதகிரியும் எத்தினி ஆமைய அடிச்சித் தின்னிருப்போம். மாசியில ஒருநாள் விடியகாலம் உங்கம்மா ஓடியாந்து கூப்ட்டா. போய்ப் பார்த்தா மேட்டு மணல்ல முறம் அகலத்துக்கு ஒரு ஆமை, முதுகு ஓடா இல்லாம தோலாட்டம் மெத்துன்னு கீது, குழிய மூடிட்டு தண்ணிக்குத் திரும்பிக்கினு கீது. இந்த ஜாதி ஆமை இப்போ விரல் விட்டு எண்ணிடலாம்னு திவ்யா சொல்லுச்சு. உங்கம்மா நாலு குச்சி நட்டு கயிறு கட்டிட்டா.

சித்திரை கடைசியில ஜவ்வாது மலைப் பக்கம் ரெண்டு நாள் மழை கொட்டி, ஆத்துல தண்ணி வருது, சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் மேல ஏறுங்கன்னு ஆட்டோவுல மைக் கட்டி சொல்லிக்கினு போனாங்க. நானும் வேதகிரியும் மோட்டார தூக்கிக் கரைமேல வெச்சுட்டு வந்து பார்த்தா, நான் பறிச்சு வெச்சிருந்த ரெண்டு கூடை பிஞ்சையும் உங்கம்மா கீழ கொட்டிட்டு, கூடையில ஈர மணல் ரொப்பிக்கினு கீறா. எனக்கு வந்த கோவத்துல வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். அவ நிமிர்ந்துகூட பார்க்கல, வெள்ளரிய மறுபடி வெதைக்கலாம், அந்த ஆமை எங்க போய் மறுபடி போடும்னு மட்டும் கேட்டா. நான் திவ்யாவுக்கு போன் போட்டேன். அந்தப் பொண்ணு, முட்டைய உருட்டிடாதீங்க, மேல் பக்கம் மேலயே இருக்கணும், ஒரு அடையாளம் வெச்சு எடுங்கன்னு சொல்லுச்சு. காவல் கொட்டாய் அடுப்புல இருந்து கரி எடுத்தாந்து உங்கம்மா ஒவ்வொரு முட்டை தலையிலயும் ஒரு புள்ளி வெச்சா. வெள்ளை வெளேர்னு கோலிகுண்டாட்டம் இருபத்திமூணு. தண்ணி முட்டிக்கு வர்றப்போ வேதகிரி ஒரு கூடை, நான் ஒரு கூடை தலையில வெச்சுக்கினு, பிள்ளத்தாச்சிய நடத்திக்கினு போறாப்பல ஒவ்வொரு அடியா வெச்சு கரை ஏறினோம். திரும்பிப் பார்த்தா எங்க வெள்ளரிக் கொல்லை மேல தண்ணி ஓடிக்கினு கீது.

அப்புறம் திவ்யா வனத்துறை ஆபீசரோட வந்து பார்த்துட்டு, இனிமே அசைக்க வேணாம்னு நம்ம வூட்டுப் பின்னாலயே மணல் கொட்டி பந்தல் போட்டுக் குடுத்தாங்க. சங்கம் எங்க ஆறு குடும்பத்துக்கும் புது வெதை குடுத்துச்சு, முட்டைக்குக் காவல்னு உங்கம்மாவுக்கு மாசச் சம்பளமும் போட்டுச்சு. ஆனி கடைசியில ஒரு காலையில லேசா தூறல் போட்டுக்கினு இருந்துச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவன் அப்படியே நின்னுட்டேன். கஞ்சி கொதிக்கறாப்பல மணல் மேல எழும்பி எழும்பி வருது. மொதல்ல ஒரு மூக்கு, குழாய் மாதிரி நீட்டமா. அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கினு, ஒரு ரூபா காசவிட கொஞ்சம் பெருசா பத்தொம்பது குஞ்சு. பாக்கி நாலு பொரிக்கல.

ஆத்துக்கு எடுத்துக்கினு போய் தண்ணிக்குப் பத்தடி தள்ளி மணல்ல விட்டோம். அதுங்க பொறந்தது நம்ம வூட்டுப் பின்னால, ஆத்த ஒருவாட்டி கூட பார்த்ததில்ல மோகனா. ஒரு நிமிஷம் தலைய தூக்கிக்கினு சும்மா இருந்துச்சுங்க, அப்புறம் பத்தொம்பதும் தண்ணிப் பக்கம் திரும்பிச்சு. யாரு சொன்னாங்க அதுங்களுக்கு. வேதகிரி தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து கையில வெச்சுக்கினான். நாம அடிச்சித் தின்னதெல்லாம் இப்படித்தான் வந்துருக்கும் இல்லியான்னு ரொம்ப மெதுவா கேட்டான். உங்கம்மா கடைசிக் குஞ்சு உள்ள போற வரைக்கும் இமைக்கல. அம்பத்தெட்டு வயசு வரைக்கும் அந்த ஆத்த நான் மணலும் தண்ணியும்னுதான் நெனச்சிருந்தேன். இப்போ அதுல கால் வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நின்னுட்டுதான் வைக்கிறேன்.

தைராய்டு மாத்திரைய வேலை அவசரத்துல விட்டுடாத, வெறும் வயித்துல போடு. மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு. நீங்க ரெண்டு பேரும் மனசு நெறைஞ்சு, நீண்ட ஆயுசோட இருக்கணும்னு நானும் உங்கம்மாவும் வாழ்த்தறோம்.

இப்படிக்கு,
உன் நைனா
நமச்சிவாயம்