முதலில் யாரிடம் சொல்வது

போன வாரம் பெங்களூர் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேத்தமங்களாக்காரர். தன் பெண்ணுக்கு உன் மகனைப் பார்த்திருக்கிறாராம். "உங்க லைன் வீடுங்கள்ல வளந்த பையன். ஓப்பனா சொல்லுங்க சார்" என்றார். அந்தச் சொல்லோடு, செத்துப்போன நீயும் என் கண்முன் வந்து நின்றாய்.

ஓப்பனா என்றால் ஒளிக்காமல் என்றுதான் பொருள். ஆனால் நம் ஊரில், அடிக்கப்போகிறவன் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் மன்னிப்பு அது. "ஓப்பனா சொல்றேன், தப்பா நினைக்காத" என்று தொடங்கிய எவனும் என்னைப் பாராட்டி முடித்ததில்லை. நீ தினம் பத்து முறை சொல்வாய். கோயில் பாடகர் குழுவில் என் குரல் தகர டப்பா என்றாய். முகத்துக்கு நேரே சொன்னதால் பொறுத்துக்கொண்டேன்.

என் தம்பிக்குப் பெண் பார்த்தபோதுதான் அது மாறியது. பெண்ணின் அப்பா உன்னை ஊரிகம் ஸ்டேஷனில் விசாரித்தார். தம்பி குடிக்கிறான் என்று சொல்லிவிட்டாய். பொய் இல்லை, நாங்கள் அதை மறைத்ததும் உண்மை. ஆனால் மறுநாள் பெங்களூர் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நீ, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சம்பந்தம் முறிந்ததைத் தரகர் சொல்லித்தான் அறிந்தேன். கேட்டதற்கு, கையிலிருந்த சீட்டைக் கலைத்தபடியே, "கேட்டாங்க, ஓப்பனா சொன்னேன். அதுல இன்னா தப்பு?" என்றாய்.

அன்றிலிருந்து நான் வேறு பெட்டி. தம்பி பிறகு குடியை விட்டான், வரன்தான் அமையவில்லை. இப்போதும் என் வீட்டில்தான் இருக்கிறான். உன் சாவுக்கு வந்தேன். கல்லறைத் தோட்டம் வரை வரவில்லை.

உன் மகனுக்கு நான்கு மாதமாக வேலை இல்லை. பையை மாட்டிக்கொண்டு தினம் ரயிலேறி, பெங்களூரில் எங்கோ உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறான். பெண் வீட்டுக்கு அது தெரியாது. சொல்லிவிட நாக்கு துடித்தது. ஞாயிறு வரை பொறுங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

மாலையே உன் மகனைப் பிடித்தேன். "வேலை போனத நீயே போய்ச் சொல்லு. ஞாயித்துக்கிழம அவரு கேட்டா நான் சொல்லிடுவேன்."

அவன் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான். "எங்கப்பா மேல இருக்கற கோவத்த எம்மேல காட்றீங்களா அங்கிள்?"

"அதுவும் கொஞ்சம் இருக்குது" என்றேன்.

சனிக்கிழமை அவன் போய்ச் சொல்லியிருக்கிறான். மறுநாள் பேத்தமங்களாக்காரர் போன் செய்தார். "பையனே வந்து சொல்லிட்டான். நீங்க இன்னா சொல்றீங்க சார்?" அவனே வந்து சொன்னான் அல்லவா, அவனைப் பற்றி நான் சொல்ல இருப்பதும் அதுதான் என்றேன். யோசிக்கிறோம் என்று வைத்துவிட்டார். அமையுமா, தெரியவில்லை.

உன் மேல் உள்ள கோபம் இதனால் குறைந்துவிடவில்லை. உன் மகனுக்குக் கிடைத்த அந்த நான்கைந்து நாள் என் தம்பிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவனும் போய்ச் சொல்லியிருப்பானா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியாதது.