அடுப்பருகே வைத்த மண்

கிறைஸ்ட்சர்ச்,
டிசம்பர் 9

அன்புள்ள மொய்ராவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்றே கொள்கிறேன். கையெழுத்தில் நடுக்கம் தெரியவில்லை. உன் கடிதம் வரும்வரை நானும் சுகமாகத்தான் இருந்தேன். இடது முழங்கால் வழக்கம்போல, உன் அண்ணன் நீலின் பண்ணையில் கம்பளி கத்தரிப்பு முடிந்துவிட்டது, செர்ரிப் பழங்களில் பாதியைப் பறவைகள் தின்றன, மீதியை அவன் பிள்ளைகள். பண்டிகைக்கு நீ வரமாட்டாய் என்று தெரிந்து உன் நாற்காலியைப் பூனை இப்போதே எடுத்துக்கொண்டுவிட்டது.

தென்துருவத்தில் உங்கள் கூடாரத்துக்குப் பக்கத்துப் பனியாற்றின் அடிவாரத்துச் சரளைத் திடலில் உயிரே இல்லை என்று உங்கள் குழுத் தலைவர் ட்ரெவர் பாஸ்கோ முடிவுகட்டியதையும், ஆகவே அங்கே ஹெலிகாப்டர் தளம் அமைக்கலாம் என்னும் அறிக்கையில் உன் பெயரையும் சேர்க்க நீ சம்மதித்ததையும் வானிலை சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். உறைந்த மண் டப்பாக்களைக் கூடாரத்தில் சூப் காயும் அடுப்பருகே வைத்து உருக்கினாராம், வெதுவெதுப்பான தண்ணீரை மளமளவென்று ஊற்றினாராம், உடனே உருப்பெருக்கிக் கண்ணாடிக்கடியில் வைத்து, "ஊசியால சீண்டியும் பாத்தாச்சு, ஒண்ணும் அசையல, செத்த மண்ணு. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள அடுத்த முகாமுக்கு மூட்டையக் கட்டுங்க" என்றாராம். சிறுநீரைக்கூட அந்த மண்ணில் விடாமல் பாட்டிலில் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் நீங்கள். அவ்வளவு ஆசாரம் பார்த்துவிட்டு, அதில் வாழ்கிறவற்றை வேகவைத்து, இங்கே எதுவும் வாழவில்லை என்று கையெழுத்திட உங்களால் முடிகிறது.

அப்படிப்பட்ட மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களோடு பல்கலைக்கழகத்தில் என் ஆயுளில் பாதி போயிற்று. பாஸ்கோவுக்கு ஒரு மத்தியானம்கூடப் போகவில்லை. அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உன் காலணிக்கே தெரியுமே. அஸ்தமிக்காத சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனால் மண் உறைகிறது, திரும்பி வந்தால் உருகிச் சற்றே ஈரம் கசிகிறது, அதையும் காற்று உறிஞ்சிவிடுகிறது, மறுநாளும் இதே கூத்து. ஈரம் குறையக் குறையப் புழுவும் தன் உடம்பின் நீரைச் சிறுகச் சிறுக விட்டுக்கொடுத்துச் சுருண்டு, மூச்சும் அசைவும் இன்றிக் கிடக்கிறது. உறைவதற்கு உள்ளே நீரே இல்லாத உடம்பைக் குளிர் என்ன செய்துவிடும்? ஈரம் மெதுவாகத் திரும்பினால் மெதுவாக அவிழும். தடாலென்று சூட்டிலும் தண்ணீரிலும் தள்ளினால் சாகும், அல்லது அவிழ்வதற்கு முன்பே உங்களைப் போன்றவர்களால் பிணமாக எண்ணப்படும்.

தொலைபேசியில் நீலிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். "ஏம்மா, கண்ணுக்கே தெரியாத புழுவுக்காகவா பெத்த பொண்ணோட சண்டை போடுற?" என்று சிரிக்கிறான். "உன் ஆடு ரெண்டு தூறலுக்கே கொட்டகையத் தேடி ஓடுது, நீ பேசாதே" என்றேன். அவனை மன்னிக்கலாம், அவன் விலங்கியல் படிக்கவில்லை. நீ படித்தாய். படித்துவிட்டு, "விடும்மா, பாஸ்கோகூட இன்னும் ரெண்டு மாசம் ஒரே கூடாரத்துல இருக்கணும்" என்று எழுதுகிறாய். இரண்டு மாதம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் உனக்கு என்ன குறைந்துவிடும்? தளம் வந்துவிட்டால் அந்தத் திடலை மறுபடி யாரும் சோதிக்கப் போவதில்லை.

குளிர்ப்பெட்டியில் திறக்காத டப்பாக்கள் மீதமிருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். அவற்றை அடுப்பிலிருந்து தள்ளிவைத்துக் குளிரிலேயே மெல்ல இளகவிடு, சொட்டுச் சொட்டாக நனை, ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்து பார். அப்போதும் எதுவும் அசையாவிட்டால் எனக்கு எழுது, பாஸ்கோவிடம் நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. ஒன்றே ஒன்று அசைந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே. முதலில் போய் அந்த அறிக்கையிலிருந்து உன் பெயரை எடு.

உடம்பு உறுதியாகவும் முதுகெலும்பு அதைவிட உறுதியாகவும் இருக்க என் ஆசிகள். காலுறைகளை நன்றாக உலர்த்திப் போடு.

உன் அம்மா,
ஹெஸ்டர் மெக்கிண்டோ