பேட்ரிசியா பார்த்த மனை

பினாங்கு
9-6-1963

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு,

அப்பா நலம். துறைமுக ஆபீஸில் வேலைக்குக் குறைவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வராமல், எங்கே மனைக்கல் நட்டாலும் நின்று விலை விசாரிக்கிறாய் என்று உன் அம்மா எழுதியிருந்தாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்கிறாள். முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன்.

ஊரில் ஒரு மனை வாங்கத்தான் நான் இத்தனை வருஷம் இங்கே கிடக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு தோப்பு மனை இருப்பதாகத் தரகர் தர்மராஜ் எழுதுகிறார். அம்மாவோடு போய்ப் பார். நீ எழுதுவதை வைத்துத்தான் முடிவு செய்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பா
அருள்நாதன்


மேலப்புதூர், திருச்சி
30-6-1963

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னை நம்பி அனுப்பியதற்கு முதலில் நன்றி. போய்ப் பார்த்தோம். தென்னை நிழலும் காற்றுமாக அழகான இடம். "ரங்கநாதர் காலடியில இடம் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் பாப்பா" என்றார் தரகர். நாம் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

தரகர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் ராசாத்தி என்ற அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "மழைக்காலத்துல இங்க எப்படிங்கக்கா?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குற. ஐப்பசி பொறந்தா கட்டில செங்கல் மேல தூக்கி வச்சிருவோம். பாம்பு வேற வரும்" என்றார். சுவரில் தண்ணீர் நின்ற கறை இருந்தது. அந்த மனை வேண்டாம் அப்பா.

திருவெறும்பூர்ப் பக்கம் சர்க்கார் தொழிற்சாலை வருகிறது. வேலைக்கு வருகிற எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடுமா? தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி மேட்டில் மனை போட்டிருக்கிறார்கள். வெறும் பொட்டல், முள்ளுக்காடு. ஆனால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. அம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பேட்ரிசியா


பினாங்கு
28-7-1963

அன்பு மகளுக்கு,

பொட்டலையே வாங்குவோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை, உன் பெயரில். நீ மைனர் என்பதால் அம்மா கார்டியனாகக் கையெழுத்துப் போடட்டும். நகைக்கு வைத்த பணம் என்று அழுவாள். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வில்லங்கம் பார்க்காமல் மட்டும் எழுதிவிடாதே.

தண்ணீரைக் குடித்துப் பார்த்தாயே, அதை ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்பா


மேலப்புதூர்
16-10-1966

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் தைரியராஜ், பாங்கியில் வேலை. நல்லவராகத்தான் தெரிந்தார். காப்பி கொடுத்ததும் அவருடைய அப்பா இன்னாசிராஜ், "பொண்ணு பேர்ல மனை எதுக்குங்க? கல்யாணத்துக்கு முந்தியே மாப்பிள்ளை பேருக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றார். பையன் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தலையாட்டிவிட்டாள்.

இப்போது அந்தப் பொட்டலில் மனை கேட்டு ஆட்கள் அலைகிறார்கள். பணம் உங்களுடையது. நீங்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன்.

பேட்ரிசியா


பினாங்கு
6-11-1966

அன்பு மகளுக்கு,

பணம் என்னுடையதுதான். இடம் உன்னுடையது. எழுதிக் கொடுத்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் அவர்களுக்குப் பயந்தோ எனக்காகவோ கையெழுத்துப் போடாதே.

எனக்குக் கண் மங்கிவருகிறது. அடுத்த வருஷத்தோடு ஆபீஸில் அனுப்பிவிடுவார்கள். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

அப்பா


தஞ்சாவூர் ரோடு, திருவெறும்பூர்
3-12-1967

அன்புள்ள அப்பாவுக்கு,

மேலே உள்ள விலாசத்தைப் பாருங்கள். நமது வீடு. கட்டி முடித்த பிறகு சொல்லலாம் என்று இதுவரை எதையும் எழுதவில்லை.

"கல்யாணத்துக்குச் சம்மதங்க. மனைய மட்டும் கேக்காதீங்க" என்று நானே சொன்னபோது அவர்கள் எழுந்து போனார்கள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் அழுதேன். அம்மா என்னோடு பேசவேயில்லை. ஒரு மனையை விற்று மற்றதில் கட்ட ஆரம்பித்த பிறகு, ஒருநாள் மத்தியானம் கொத்தனார்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் வராமலிருந்ததில்லை.

முன்பகுதியில் தொழிற்சாலைக்காரர் குடும்பம் வாடகைக்கு வந்துவிட்டது. பின்பகுதி நமக்கு. படி வைக்காமல் கட்டச் சொன்னேன், உங்கள் கண்ணுக்காக. கப்பல் டிக்கெட் எடுத்ததும் எழுதுங்கள். நாகப்பட்டினத்துக்கு நான் வருகிறேன்.

அன்று நீங்களும் சிரித்ததோடு விட்டிருந்தால், நான் மனைக்கல் நட்ட இடங்களில் நிற்பதை அப்போதே நிறுத்தியிருப்பேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை அப்பா.

இன்று பஞ்சாயத்திலிருந்து வீட்டுவரிக்காக ஒருவர் வந்தார். "வீடு யார் பேர்லங்க? ஐயா பேர் சொல்லுங்க" என்று எழுதத் தயாரானார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்து சொன்னாள்:

"என் மக பேர் எழுதுங்க. அவ பார்த்து வாங்குன எடம்."

உங்கள் மகள்
பேட்ரிசியா