கருமாதிக்கு நான் வெட்டிய சணல்

என் பாக்கியத்துக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தோட்டத்து லயத்தில் ஒரே அறைக் காம்பராவில் இருந்தோம். கடிதம் எழுத வேண்டிய தூரத்துக்கு நீ போனதே இல்லை. அதனால் இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. காலையில் இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன். பிறகு ஒன்றை மறுபடி கேத்தலில் கொட்டுகிறேன்.

அழுகை வரவில்லை. செல்வி ஹட்டனில் கடை வேலை முடிந்து போன் எடுக்கும்போதெல்லாம், "அப்பா, அழுதீங்களா?" என்று கேட்கிறாள். அழுதேன் என்று சொல்லி வைக்கிறேன். பிள்ளைக்கு ஒரு நிம்மதி.

முதலில் காணிச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய். உன் சணல் இல்லை, பாக்கியம். நான் வெட்டிவிட்டேன்.

அன்றைக்கு டயகமவில் விவசாயக் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு விதைப் பையோடு வந்தாயே, நினைவிருக்கிறதா? சணலும் கடுகும் கலந்த விதை. லயத்துக்குப் பின்னால் இருக்கிற நம் சரிவில் ஒரு போகம் லீக்ஸும் கரட்டும் போடாமல், இதை விதைத்து மண்ணை மூடி வைக்க வேண்டும் என்றாய். அதற்குக் காசும் உண்டு என்றாய். மற்ற விவரமெல்லாம் பின்னால் விவசாய ஆபிஸ் மிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: விதைக்கும்போது ஒரு பங்கு பணம் கிடைக்கும், பூத்ததும் மிஸ் வந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும், பிறகு எல்லாவற்றையும் அந்த மண்ணிலேயே மடித்துப் புதைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அடுத்த போகத்துக்கும் திட்டத்தில் இடம் உண்டு. அன்றைக்குக் காசு என்றதுமே எனக்குச் சிரிப்பு வந்தது.

"மண்ணு சும்மா கெடக்குறதுக்குக் காசா? அப்ப எனக்கும் ஒரு போம் வாங்கிட்டு வா" என்றேன்.

"ஒங்களுக்குக் குடுத்தா கவருமெண்டு திவாலாயிருங்க" என்றாய்.

அந்தப் போமில் தொழிலாளி என்று போடாமல் விவசாயி என்று உன் பெயரை எழுதியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாய். அதைத் தினமும் எடுத்துப் பார்த்தது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் புல்லு வெட்டியே பிழைத்தவன். சொரண்டி பிடித்துக் காய்த்துப் போன கை இது. "சுப்பையா வெட்டின மலையில சோத்தப் போட்டுத் திங்கலாம்" என்று கணக்கப்பிள்ளை சொன்னதை நீயே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய்? அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பின்னால் காடு வளர்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்? நீ அதைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே நான் ரேடியோவைத் திருக ஆரம்பித்துவிடுவேன்.

சணல் முழங்கால் உயரம் வந்தபோது நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு யார் வீட்டிலோ நடந்த மாதிரி இருக்கிறது. தோளில் உன்னைச் சுமந்தது நினைவிருக்கிறது. பாரம் நினைவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் லயத்தில் எல்லாரும் வாசலைக் கழுவினார்கள், பந்தல் போட்டார்கள். நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இடுப்புயரத்துக்குக் காடு. மறுநாள் உன் தம்பி வருவான், சொந்தம் முழுக்க வரும். பொம்பளை போனதும் காணியைக் காடாகப் போட்டுவிட்டான் என்று பேச மாட்டார்களா? உன் பெயருக்கு ஒரு குறை வரக் கூடாது என்று கத்தியை எடுத்தேன். வெட்டிக் கட்டிப் பக்கத்து லயத்து மாட்டுக்குப் போட்டேன். பிறகு சொரண்டியால் வேர்வரை சுரண்டினேன். பொழுது சாய்வதற்குள் மண் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"அக்கா இருந்தப்ப மாதிரியே வச்சிருக்கீங்க மச்சான்" என்றான் உன் தம்பி. அந்தப் பதினாறு நாளில் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

கருமாதி முடிந்த நாலாம் நாள் மழை பிடித்தது. விடாமல் இரண்டு நாள். வெளியே வந்து பார்த்தால் நம் மேல்மண் கீழே மழைத்தண்ணீர்க் கானில் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் கல் தெரிந்தது. மண் போயிரும், மண் போயிரும் என்று நீ சொன்னது இதைத்தானா?

மழை விட்ட மறுநாள் மிஸ் வந்தது. சிங்களப் பிள்ளை, தமிழ் ஓரளவு பேசும். "பாக்கியம் அம்மா இல்லையா?" என்று கேட்டது. மாலை போட்ட உன் படத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. பிறகு இரண்டு பேரும் பின்பக்கம் போனோம்.

"ஐயா, பூ எங்க?"

எனக்கு அப்போதுதான் பூ என்ற பேச்சே காதில் விழுந்தது. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்டிருந்தால்தானே மறப்பதற்கு?

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. போமைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தது. "மாடு சாப்பிட்டது எண்டு எழுதவா, ஐயா? அப்ப மிச்சக் காசு வரும். பேரும் இருக்கும், ஒங்களுக்கு மாத்தலாம். ஆள் வெட்டினா பேரை எடுக்க வேணும்."

மாடு தின்றதும் உண்மைதானே என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அது உன் பெயர் போட்ட காகிதம், பாக்கியம். அதில் என் பொய்யை எழுத எனக்கு மனம் வரவில்லை.

"மாடு இல்ல மிஸ். நான்தான் வெட்டுனேன். சொந்தக்காரங்க வர்றாங்கன்னு வெட்டிட்டேன்."

மிஸ் எழுதியது. பிறகு பேனாவால் உன் பெயர் மேல் ஒரு கோடு போட்டது. நீ செத்துப்போனது அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நிமிடம்தான். அதற்குப் பிறகு மறுபடி மரத்துவிட்டது.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "மாடுன்னு சொல்லித் தொலச்சிருக்கலாமே" என்று திட்டியிருப்பாயா?

அரிசி டின்னுக்குப் பின்னால் உன் விதைப் பையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கானில் தேங்கிய மண்ணை உன் கொழுந்துக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மேலே கொட்டினேன். மூன்று நாள் ஆனது. அதில் விதைத்தேன். இதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள், வந்து பார்க்கவும் மாட்டார்கள். இப்போது விரல் நீளம் முளைத்திருக்கிறது. இடையில் புல்லும் முளைத்திருக்கிறது. சுரண்டச் சொல்லிக் கை ஊறுகிறது. சொரண்டியைப் பக்கத்து வீட்டு ஆறுமுகத்திடம் கொடுத்து, "கேட்டாலும் தராத" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன மாமா, காடு வளக்கிறீங்களா?" என்று சிரிக்கிறான். ஆமாம் என்றேன்.

இது பூத்ததும் நீ செய்ய நினைத்தபடி மண்ணிலேயே மடிப்பேன். விதைக்கு ஒரு மூலையை விட்டுவைத்து, உன் ஆண்டுத் திவசத்துக்குப் பூத்து நிற்கிற மாதிரி மறுபடி விதைப்பேன். உன் தம்பி வருவான், சொந்தம் முழுக்க வரும். முதல் நாள் நான் பின்பக்கம் போக மாட்டேன். பேசுகிறவர்கள் பேசட்டும். அது இடுப்புயரத்துக்குக் காடாகவே நிற்கும்.

உன் வீட்டுக்காரன்,
சுப்பையா