இருபத்தைந்து கிலோ

லிட்டோவெல்
மே 3, சனிக்கிழமை

அன்பு மகள் ஹெடாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல் கேட்கப் போவதில்லை, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய், அந்தப் பொய்யை இன்னொரு தரம் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாய் எப்படி இருக்கிறது என்று பேச்சைத் திருப்பிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் டென்னிஸ் மட்டைப் பைக்குள்ளேயே வைத்து, நீ பயிற்சி எடுக்கிற வலென்சியாவுக்கு அனுப்புகிறேன். பையைத் திறந்து மட்டைகளைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும். முதலில் இதைப் படித்துவிடு, கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்.

நாய் நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் மரம் பூத்த மூன்றாம் நாளே உறைபனி விழுந்து எல்லாம் கருகிவிட்டது, இந்த வருஷம் பழம் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் கிளப்பில் மண்ணைச் சமன் பண்ண உருளை இழுத்த அன்று மட்டும் படி ஏற முடியாமல் கீழ் அறையிலேயே படுத்துக்கொள்கிறார், டாக்டரிடம் போகச் சொன்னால் சீசன் முடியட்டும் என்கிறார். நீ யாரைப் போல என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கிளப்பில் முதல் ஆடுதளத்துக்குப் புது வலை வந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி என்னை ஒரு வழி பண்ணுகிறார்கள், ரொட்டிக் கடையில் நின்றால்கூட, பாரிஸ் தகுதிச் சுற்றுக்கு இன்னும் எத்தனை நாள் அம்மா என்கிறார்கள். நானும் பெருமையாகப் பத்தொன்பதாம் தேதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும்.

ஈஸ்டருக்கு நீ வந்திருந்த இரண்டு நாளை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அடுப்படியில் அந்த வெக்கையிலும் உள்ளங்கை வரை மறைக்கிற கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. உருண்டைக்கு மாவு பிசையக் கூப்பிட்டேன், நகம் வளர்த்திருக்கிறேன் அம்மா என்றாய். உன் நகத்தை நான் பார்த்தேன், ஒட்ட வெட்டியிருந்தது, உலகம் சுற்றுகிற பெண்ணுக்கு மாவு பிசைவது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்து மனதுக்குள் திட்டிக்கொண்டே நானே பிசைந்தேன். ரொட்டியை முழங்கையால் மேஜையோடு அழுத்திக்கொண்டு வெட்டினாய். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, அந்த ஆத்திரம் உன் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போகும்போது ஆறு மட்டைகளையும் வைத்துவிட்டு, பாரிஸ் முதல் ஆட்டத்துக்கு உன் கையால்தான் நரம்பு கட்டணும் அம்மா, இந்தத் தடவை இறுக்கம் இருபத்தொண்ணு கிலோ போதும் என்று சொல்லி, என்னைக் கட்டிப் பிடித்தாய். ஒரு கையால்தான் பிடித்தாய்.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை மதியம் மட்டைகளை எடுத்து உட்கார்ந்தேன். எப்போதும்போல் பழைய நரம்பை வெட்டி எடுத்துவிட்டு, கைப்பிடியில் சுற்றின வெள்ளை நாடாவைப் பிரித்தேன். உன் நாடா எனக்குத் தெரியாததா, உனக்குப் பத்து வயதிலிருந்து பிரித்துப் போடுகிறேன். கீழ்ப் பாதியில் வலது கை, மேல் பாதியில் பேக்ஹேண்டுக்கு வந்து சேருகிற இடது கை, இரண்டு பாதியும் வியர்வையும் செம்மண்ணும் ஏறி ஒரே மாதிரிக் கறுத்திருக்கும். இந்தத் தடவை கீழ்ப் பாதி கறுப்பு, மேல் பாதி கடையில் வாங்கின மாதிரி வெள்ளை. ஒன்றில் அப்படி இருந்தால் புதிதாகச் சுற்றியிருப்பாள் என்று விட்டிருப்பேன். ஆறிலும் அப்படித்தான். என் பெண் இடது கையால் மட்டையைத் தொட்டே மாசக்கணக்கில் ஆகிறது என்று அந்த நாடா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, நீ சொல்லித் தெரியவில்லை.

உடனே உனக்குப் போன் பண்ணியிருப்பேன், பண்ணவில்லை. வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறாரே, உன் ஆட்டம் ஒன்றுவிடாமல் போனில் பார்க்கிறவர். நான் பார்க்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும், முடிந்த பிறகு ஸ்கோரை மட்டும் பார்ப்பேன். அவர் பார்க்கிறார். பேக்ஹேண்டை ஒற்றைக் கையால் வெட்டி வெட்டி விடுவதை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், தானாக வாயைத் திறக்கிறாரா என்று. கல்லுளிமங்கன், சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

போன சனிக்கிழமை கிளப்பில் கூட்டு வேலை. ஏப்ரல் முழுக்க மழை, அதனால் இந்த வருஷம் தாமதம், உறுப்பினர் நாற்பது பேரும் வந்து பழைய மண்ணைச் சுரண்டிக்கொண்டும் கோடுகளுக்கு ஆணி அடித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் ஆறு நாடாவையும் ஏப்ரன் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு போனேன். உன் அப்பா இரண்டாம் ஆடுதளத்தில் உருளையை இழுத்துக்கொண்டிருந்தார். கிளப் உறுப்பினன் வர்பா ஓரத்தில் பீரோடு நின்றுகொண்டு, போஹுஷ், பொண்ணு பாரிஸ்ல ஆடப் போறா, நீ இங்க வண்டி மாடு மாதிரி இழுக்கறியே, அவ உனக்கு ஒரு மோட்டார் வாங்கித் தரப்படாதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். நான் போய் ஆறு நாடாவையும் உருளை மேல் வரிசையாகப் போட்டேன். இது என்னன்னு சொல்லுங்க என்றேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிரவே இல்லை. அப்புறம், அவ சத்தியம் வாங்கிட்டா ட்ராஹா என்றார், அவ்வளவுதான். சத்தியம் பண்ணறதுக்கு உங்களுக்கு அவதான் கிடைச்சாளா, எனக்குப் பண்ணின சத்தியம் எந்த மூலைல கிடக்குது என்று நாற்பது பேர் முன்னால் கேட்டுவிட்டேன். வர்பா பீரைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போனான். அங்கேயே ஈர மண்ணில் நின்றுகொண்டு மனுஷன் எல்லாவற்றையும் சொன்னார், மார்ச்சில் வலென்சியாவில் உன் இடது மணிக்கட்டை ஸ்கேன் படம் எடுத்தது, தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருப்பது, ஆபரேஷன் பண்ணிக்கொண்டு ஏழெட்டு மாதம் ஓய்வு எடுக்கச் சொன்னது, உன் கோச் லுபோர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஊசி போட ஏற்பாடு பண்ணுவது, பாரிஸ் முடியட்டும்பா அப்புறம் அம்மாகிட்ட நானே சொல்றேன் என்று நீ அழுதது. அன்றைக்குக் கிளப்பில் எல்லாருக்கும் கொடுத்த கூலாஷ் கறிக்குழம்பை நான் தொடவில்லை. உன் அப்பாவோடு இந்த வாரம் முழுக்க நாய் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படம் அப்பா போனில் இருந்தது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஓலோமோட்ஸுக்கு டாக்டர் ஸ்மேகலைப் பார்க்கப் போனேன், அவர் மட்டைக்கும் நான்தான் நரம்பு கட்டுகிறேன், உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். சுற்றி வளைக்கவில்லை. இன்னும் மூணு நாலு ஆட்டம் ஆடினா மீதியும் அறுந்துடும்மா, அப்புறமும் நான் தச்சுத் தருவேன், ஆனா அந்தக் கை சட்டைக்குப் பொத்தான் போடும், மட்டை பிடிக்காது என்றார். இப்ப பண்ணினா என்று கேட்டேன். இப்ப பண்ணினா ஆடலாம், சத்தியமா ஆடலாம் என்றார். அவர் என்னிடம் பண்ணின சத்தியத்தை நம்புகிறேன், இந்த வீட்டில் பண்ணுகிற சத்தியம்தான் உளுத்துப்போனது.

செவ்வாய்க்கிழமை லுபோருக்குப் போன் பண்ணினேன். உன் கோச் என்ற மரியாதைக்கு முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அம்மா, அவ என்ன சின்னப் பிள்ளையா, இருபத்தாறு வயசு, அவளே எடுத்த முடிவு, ஊசி போட்டா தொண்ணூறு நிமிஷம் வலி தெரியாது, தகுதிச் சுற்று மூணே மூணு ஆட்டம்தானே என்றான். ஒவ்வொரு ஆட்டமும் தொண்ணூறு நிமிஷத்துல முடியும்னு எதிராளி உனக்கு எழுதிக் கொடுத்தாளா என்று கேட்டேன். வலி தெரியாமப் போறதும் கிழிசல் இல்லாமப் போறதும் ஒண்ணாடா என்று கேட்டேன். காயத்தால் ஆறு மாதத்துக்கு மேல் விலகினால் பழைய தரவரிசையோடு திரும்பி வர விதி இருக்கிறது, அதை அவளுக்குச் சொன்னாயா என்று கேட்டதற்கு, சொல்லணும்னுதான் இருந்தேன் என்றான். வேலியே பயிரை மேய்ந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது.

உன் பக்க நியாயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நூற்று அறுபத்து மூன்றாம் இடத்துக்கு வர உனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. வெந்நீர் வராத விடுதிகள், நாலு பேர் பார்க்கிற ஆட்டங்கள், பஸ்ஸிலேயே கழிந்த பிறந்தநாள்கள். ஐந்து தரம் தகுதிச் சுற்றில் தோற்று, அதில் இரண்டு தரம் கடைசி ஆட்டத்தில் தோற்று, அந்த இரண்டு தரமும் என்னிடம் வானிலையைப் பற்றிப் பேசினாய். இந்தத் தடவை பிரதானச் சுற்றுக்குள் போய்விடுவோம் என்று உனக்குத் தோன்றுகிறது, எனக்கும் தோன்றியது. அதனால்தான் இவ்வளவு கோபம். எவளோ ஒருத்தி கையைக் கெடுத்துக்கொண்டால் எனக்கென்ன.

இத்தோடு முடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உன்னையும் அப்பாவையும் லுபோரையும் திட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு மடித்திருப்பேன். நேற்றே மடித்தும் விட்டேன். இருபத்தொண்ணு போதும் என்று நீ சொன்னது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. ஜனவரியில் அப்பா மூலமாகச் சொல்லியனுப்பினாய், இருபத்தைந்திலிருந்து இருபத்து மூன்றாக்கினேன், ஏன் என்று கேட்கவில்லை. இப்போது இருபத்தொன்று. இரண்டிரண்டு கிலோவாக இறக்குகிற இந்த வைத்தியத்தை எங்கே கற்றுக்கொண்டாய் என்று யோசித்துக்கொண்டே ஷோகேஸைத் துடைத்தேன். அங்கே உன் பதினைந்து வயதுக் கோப்பை இருக்கிறது, இளையோர் இறுதிப்போட்டி. அதற்கு முதல் நாள் நீ இந்த மேஜையில்தான் உட்கார்ந்து, அம்மா மணிக்கட்டு வலிக்குது என்றாய். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, நரம்பு கட்டுகிற இயந்திரத்தில் எவனுடைய மட்டையோ இருந்தது. நரம்பு இறுக்கம்டி, ரெண்டு கிலோ குறைச்சுத் தர்றேன், வெளியே மூச்சு விடாதே, எதிராளி காதுல விழுந்தா பேக்ஹேண்டுக்கே அடிச்சுக் கொல்லுவா என்றேன். நீ மூச்சு விடவில்லை. ஜெயித்தாய். நான் கோப்பைக்கு ஷோகேஸ் வாங்கினேன், உன் மணிக்கட்டைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. ஒரு வருஷம் இல்லை, பதினொரு வருஷம் கேட்கவில்லை.

ஆகவே உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை, இருந்தும் திட்டுவேன், அம்மா வேறு எதற்கு இருக்கிறாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. வலித்தால் வலிக்கிறது என்று சொல், எதிராளி காதிலேயே விழட்டும்.

இப்போது மட்டைகளைப் பார். ஐந்து இருக்கும், ஐந்திலும் நரம்பு இல்லை, வெறும் சட்டம்தான். பாரிஸில் அரை மணியில் யாரிடமும் கட்டிக்கொள்ளலாம், அது எனக்கும் தெரியும், உன்னைத் தடுக்க என்னால் முடியாது, நீ என்ன சின்னப் பிள்ளையா. ஆனால் அந்த இருபத்தொன்றை என் கை கட்டாது. டாக்டர் ஸ்மேகல் உனக்காக ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார், பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணி. உன் தகுதிச் சுற்று ஆரம்பிப்பதும் அதே திங்கட்கிழமைதான், நாள் குறித்தது நான் இல்லை. நீ வருவதானால் எனக்குச் சொல்ல வேண்டாம், அப்பாவுக்குச் சொல், உங்களுக்குள்தான் ரகசியம் பேசிப் பழக்கம் இருக்கிறதே. அவர் வியன்னா விமான நிலையத்துக்குக் காரோடு வந்து நிற்பார். பெட்டியை வலது கையால் எடு, வழியில் சூடாக ஏதாவது சாப்பிடு.

ஆறாவது மட்டையை அனுப்பவில்லை. அது இங்கே இயந்திரத்தில் பூட்டியிருக்கிறது, பக்கத்தில் புது நரம்பு வெட்டி வைத்திருக்கிறேன். ஊரார் மட்டையெல்லாம் கிளப்பின் பழைய இயந்திரத்தில் கட்டிக்கொள்கிறேன், இதை அவிழ்க்க மாட்டேன், எட்டு மாதமானாலும் சரி. நீ வந்து இரண்டு கையாலும் பிடித்துக் காட்டு, அன்றைக்கு இருபத்தைந்து கிலோவில் கட்டித் தருகிறேன், ஒரு கிராம் குறைக்க மாட்டேன்.

கடவுள் உன் கையைக் காக்கட்டும், மற்றதை எப்படியும் நீ பார்த்துக்கொள்வாய்.

இப்படிக்கு,
அந்த முதல் இரண்டு கிலோவைக் குறைத்த உன் அம்மா,
ட்ராஹோமீரா