வண்டு வராத புத்தகம்

9-6-96, ஞாயிறு

'மாயத் தராசு' புது இதழ் இன்று உலகுக்கு வழங்கப்பட்டது. உலகு என்றால் மூன்று இடம்: கோட்டைமேட்டில் கரீம் பாயின் வாடகை நூலகச் சுவர், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் பேக்கரி, மில் ஆபீசில் என் மேஜைக்குப் பின்னால் உள்ள தூண். ஒரே தாள், ஜெராக்ஸ். சிறுவர் கதைகளையும் மாயக் கதைகளையும் மட்டுமே நிறுத்துப் பார்த்து, ஒன்று முதல் ஐந்து பூதம் வரை வழங்கும் பத்திரிகை இமயமலைக்குத் தெற்கே இது ஒன்றுதான். வடக்கே விசாரிக்கவில்லை. ஆசிரியர், நிருபர், பசை தடவுபவர் எல்லாம் அடியேன் அழகிரிசாமியே.

இந்த முறை 'மழைக்குப் பூட்டுப் போட்ட ராணி'. எழுதியவர் சாஜிதா பேகம். கரீம் பாயின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர். முதல் புத்தகம். பாயே பிரதியைக் கையில் கொடுத்து, "தங்கச்சின்னு பார்க்காதீங்ண்ணா, மனசுல பட்டதை எழுதுங்க" என்றார்.

பட்டதா? இடியாக விழுந்தது! மேகங்களோடு சண்டை போட்டு, மழையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள் ராணி. சாவியைத் தேடிப் புறப்படுகிறாள் செவ்வந்தி என்கிற சின்னப் பெண். இதெல்லாம் நன்று. ஆனால் அறுபத்தைந்தாம் பக்கத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காண்டாமிருக வண்டு வருகிறது. நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். நான் விழுந்த அதிர்ச்சியில் நாற்காலியும் விழுந்தது. கீழ்வீட்டில் தங்கை ராமாமணியின் சாம்பாரில் சுண்ணாம்பு உதிர்ந்ததாகப் புகார்.

விமர்சனத்தில் இப்படி எழுதினேன்: "இளங்குருத்தைத் துளைத்துக் குடியேறும் கொம்பு வைத்த அரக்கன்! அவனைக் குத்தி இழுக்க இரும்புக் கொக்கி! மீண்டும் அண்டாதிருக்க வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்த மந்திரக் கலவை! கதையை நிறுத்தி, நாயகியையே மறந்து, பதினாறு பக்கம் ஒரு வண்டைத் துரத்தும் துணிச்சல் இந்த பூமண்டலத்தில் வேறு எவருக்கு உண்டு?"

ஐந்து பூதம் போதவில்லை. ஐந்தரை கொடுத்தேன்.

12-6-96

நூலகச் சுவரில் மாயத் தராசு இல்லை. காற்றில் பறந்ததோ என்று பார்த்தால், நாலு மூலையிலும் பிய்த்த அடையாளம்.

கரீம் பாய் என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு வேண்டாங்ண்ணா" என்றார்.

"ஏனுங்க பாய்?"

"டீ சாப்பிடறீங்களா?"

கேள்விக்குப் பதில் டீயாக வந்தால் விஷயம் பெரிது. ஐந்தரை பூதம் கொடுத்தவனுக்கா இந்தக் கதி? தங்கச்சிக்கு ஆறு வேண்டுமாக்கும்.

15-6-96, சனி

என் விமர்சனத்தை நம்பி வாழும் ஒரே ஜீவன் ராமாமணியின் மகள் ஹர்ஷிணி. ஆறாம் வகுப்பு. வண்டுக்காகவே நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, மாடியேறி வந்தாள்.

"மாமா, வண்டு எங்கே?"

"அறுபத்தஞ்சாம் பக்கம், கண்ணு."

"அங்க செவ்வந்தி கிணத்துல இறங்கறா."

"எந்தக் கிணறு?"

"என்ன மாமா, கிணறு தெரியாதா? கதையில அதுதானே முக்கியம்!"

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அறுபத்து நாலு வரை ஒன்றே. எண்பத்தொன்று முதல் ஒன்றே. நடுவில் அவளுடையதில் கிணறு, என்னுடையதில் வண்டு. ராமாமணி கரண்டியோடு வந்து என் பிரதியை ஒரு பக்கம் படித்தாள். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

"அண்ணா, இது தென்னைக்கு வைக்கிற மருந்து! விவசாயிகளுக்குப் போடற கையேடு! இதையா மந்திரம்னு எழுதினீங்க?"

அதற்குமேல் தெலுங்கில் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதவற்றையெல்லாம் எங்கள் வீட்டில் தெலுங்கில்தான் சொல்வது.

பைண்டிங்கில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கக் கட்டு, மாறிப்போயிருக்கிறது. அதே அச்சகம், அதே அளவு, அதே பக்க எண்கள். யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் வேறு எவனாக இருந்தாலும், "ராணி கதையில் புண்ணாக்கு எதற்கு?" என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பான். மாயக்கதையே படித்துப் படித்து, எது வந்தாலும் சரி என்று நம்புகிற ஜன்மமாகிவிட்டேனே! நடுவில் ரயில்வே அட்டவணை வந்திருந்தாலும், இரும்பு நாகம் என்று புகழ்ந்திருப்பேன்.

17-6-96

மில்லிலிருந்து நேராக நூலகம். பாயிடம் பிரதியைப் பிரித்துக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நாங்க என்ன நினைச்சோம் தெரியுங்களாண்ணா? கதையில இல்லாத வண்டைப் புகழ்ந்து, நீங்க நக்கல் பண்றீங்கன்னு நினைச்சுப்போட்டோம்."

"நானா? நக்கலா?"

"நீங்க நக்கல் பண்ணாத ஆளுங்களா?"

அது சரி.

பள்ளிக்கூடத்தில் யாரோ மாயத் தராசைக் கொண்டுபோய்க் காட்ட, டீச்சர்கள் அறையில் சாஜிதாவுக்கு 'வண்டு டீச்சர்' என்று பேர் விழுந்துவிட்டதாம். பாதி எழுதிய இரண்டாம் பாகத்தைப் பையில் சுருட்டி, கூரையடியில் இருக்கும் அட்டாலியில் தூக்கிப் போட்டுவிட்டாராம். இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்கிறாராம்.

வீட்டில் இதைச் சொல்லித் தொலைத்தேன். ஹர்ஷிணி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"மழை இன்னும் பெட்டிக்குள்ள இருக்கு மாமா! சாவி ரெண்டா உடைஞ்சதோட முதல் பாகம் முடியுது! இனி யார் திறப்பா?"

திறக்க விடாமல் செய்தவன் நான். அவளுடைய பார்வையும் அதைத்தான் சொல்லிற்று.

18-6-96

ஹர்ஷிணி பேசவில்லை.

22-6-96, சனி

மல்லுவேட்டி கட்டி, தவறான பிரதியை ஏந்தி, சாஜிதா டீச்சர் வீட்டுக்குத் தலை வணங்கிச் சென்றேன். டீச்சர் காட்டிய மரியாதைக்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பதினாறு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டினார். இதோ சிரிக்கப் போகிறார், எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன்.

"சார், நடுவுல வேற புஸ்தகம் வந்ததுகூடத் தெரியலைன்னா, மீதியை எப்படிப் படிச்சீங்க?"

"டீச்சர், அது வந்துங்க—"

"நான் ரொம்ப அடிச்சு அடிச்சு எழுதினது அந்தக் கிணறுதான் சார். அதுக்காகத்தான் இந்தக் கதையையே எழுதினேன். அது இல்லாமலே நீங்க அஞ்சரை பூதம் குடுத்துட்டீங்க. அப்ப அது தேவையே இல்லைன்னுதானே அர்த்தம்?"

கோவை ஜில்லாவின் அத்தனை மில் சங்கும் ஒரே நேரத்தில் நின்றுபோன மாதிரி இருந்தது. தண்ணீரைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

ஐந்தரை பூதம் கொடுத்தும் ஒருவரை அவமானப்படுத்த முடியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

23-6-96, ஞாயிறு

ஹர்ஷிணியின் பிரதியைக் கேட்டேன். பேசாமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். கிணற்றை இன்றுதான் படித்தேன்.

வறண்ட கிணறு. செவ்வந்தி கயிற்றைப் பிடித்து இறங்குகிறாள். இறங்க இறங்க, அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்திய பெண்களின் பேச்சுச் சத்தம் சுவர்க் கல்லிலிருந்து கேட்கிறது. யாரோ மாமியாரைத் திட்டுகிறாள். யாரோ மகனுக்குக் காய்ச்சல் என்கிறாள். எல்லாரும் போய்விட்டார்கள், பேச்சு மட்டும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆழத்தில் போகப் போக ஒரு குரல், அவளுடைய இறந்துபோன அம்மாவுடையது, "குடம் நிரம்பிப்போச்சு, வாரேன் இரு" என்கிறது.

புத்தகத்தை மூடிவிட்டேன். நாற்காலியிலிருந்து விழவில்லை. அசையவே இல்லை.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 'பூமண்டலம்' என்று தொடங்கி அடித்தேன். 'இடி' என்று தொடங்கி அடித்தேன். பெரிய வார்த்தைகளையெல்லாம் வண்டுக்குச் செலவழித்துவிட்டேன்.

30-6-96

திருத்தம் வெளியிட்டேன். நடந்த தவறு, என் முட்டாள்தனம், கிணற்றைப் பற்றி நாலு வரி. பூதம் எதுவும் கொடுக்கவில்லை. கரீம் பாய் தன் கையாலேயே சுவரில் ஒட்டினார். சாஜிதா டீச்சர் படித்துவிட்டு, "நன்றின்னு சொல்லுங்க" என்றாராம். பை இன்னும் அட்டாலியில்தான்.

6-7-96, சனி

அச்சகக்காரரைத் துவம்சம் செய்யக் கிளம்பினேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை. உள்ளே நுழைந்ததும் அவரே, "வாங்க, நீங்க ரெண்டாவது ஆளு" என்றார்.

"முதல் ஆள் யாருங்க?"

"பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்க. பேரு மயில்சாமி. தென்னைப் புஸ்தகம் வாங்கிட்டுப் போனவரு. போன வாரம் வந்து ஒரே சத்தம். வேற நல்ல புஸ்தகம் தாரேன்னா வாங்க மாட்டீங்கறாரு. கிணத்துக் கதை முழுசும் வேணுமாம்."

நான் நின்ற இடத்தில் நின்றேன். என் புத்தகத்துக்கு வண்டு வந்தது என்றால், வண்டின் புத்தகத்துக்கு யார் போனது? இது இத்தனை நாளும் இந்த மாமேதைக்குத் தோன்றவில்லை!

விலாசம் வாங்கிக்கொண்டேன். துவம்சம் ஒத்திவைக்கப்பட்டது.

7-7-96, ஞாயிறு

பொள்ளாச்சி பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ். அப்புறம் நடை. மயில்சாமி கவுண்டர் தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வயசிருக்கும். புத்தக விஷயம் என்றதும் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, நீங்க அந்தக் கம்பெனிங்களா? என்ன அநியாயமுங்க இது! வண்டுக்கு என்ன வெக்கறதுன்னு பார்க்கலாம்னு புஸ்தகத்தைத் தொறந்தா, ஒரு புள்ள கெணத்துக்குள்ள எறங்கிட்டிருக்குதுங்க. எறங்குது, எறங்குது, எறங்கிட்டே இருக்குது. அம்மா குரல் வேற கேக்குது. அதோட பக்கம் தீந்துபோச்சு, மறுபடியும் உரம்! அந்தப் புள்ள வெளிய வந்துச்சுங்களா, இல்லீங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ராமாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மொதல்ல அதைச் சொல்லுங்க சாமி. இவரு அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டிப்போட்டு, என்னையத் தூங்க உடமாட்டீங்கறாரு. கெணத்துல எட்டிப் பாத்தா எங்கம்மா நெனப்பு வருது."

பதில் எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. நாற்பது வருஷ வழக்கப்படி அதற்குக் கொம்பு, இறக்கை, வால் எல்லாம் வைத்துச் சொல்லியிருப்பேன். வாயைக் கடித்துக்கொண்டேன்.

"எழுதினவங்க கோயமுத்தூர்லதான் இருக்கறாங்க. அவங்களையே கேட்டுப்போடலாம், வாங்க."

"பொம்பளைங்களா எழுதுனாங்க?" என்றார் ராமாத்தாள். "அதானே பாத்தேன். தண்ணி சேந்துனவளுக்குத்தானுங்க தெரியும்."

14-7-96, ஞாயிறு

வந்தார்கள். இருவரும். ஒரு மூட்டை இளநீர் வேறு. ஹர்ஷிணியையும் கூட்டிப் போனேன். பேசாவிட்டாலும் வந்தாள்.

கோட்டைமேட்டில் கரீம் பாய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மயில்சாமி ஆரம்பித்துவிட்டார். "அம்மணி, அந்தப் புள்ள வெளிய வந்துச்சுங்களா?"

சாஜிதா டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். அடுத்த நக்கல் என்று நினைத்தாரோ என்னவோ. நான் வாய் திறக்கவில்லை. சத்தியமாக, ஒரு வார்த்தை இல்லை. மயில்சாமி மஞ்சப்பையிலிருந்து தென்னைக் கையேட்டை எடுத்து, அறுபத்தைந்தாம் பக்கத்தை விரித்தார். அந்தப் பதினாறு பக்கம் மட்டும் ஓரம் மடிந்து, விரல் பட்டுப் பட்டு அழுக்காகியிருந்தது. டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"வந்துட்டாளுங்க" என்றார் மெதுவாக. "வெளியே வந்துட்டா."

"ஸ்ஸ்..." மயில்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கேட்டியா? வந்துருச்சாமா!"

ராமாத்தாள் விடவில்லை. "அந்த அம்மா?"

"அம்மா வரலீங்க. ஆனா..." டீச்சர் நிறுத்தினார். "அதை ரெண்டாம் பாகத்துல வெச்சிருந்தேன்."

"அது எங்கீங்க?"

ஹர்ஷிணி அட்டாலியை அண்ணாந்து பார்த்தாள். டீச்சரும் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "அண்ணே, ஸ்டூலைக் கொண்டாங்க" என்றார்.

கரீம் பாய் ஸ்டூலை எடுக்க ஓடின ஓட்டம் இருக்கிறதே! மிகைப்படுத்த வேண்டியதே இல்லை. அப்படியே எழுதினாலே யாரும் நம்ப மாட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஹர்ஷிணி, "ஜன்னல் சீட்டு எனக்கு" என்றாள். பேசிவிட்டாள்!

15-7-96

நன்றாகத் தூங்கினேன். மில்லுக்கு லேட்.

15-12-96, ஞாயிறு

இரண்டாம் பாகம் கையெழுத்துப் பிரதி இன்று வீட்டுக்கு வந்தது. டீச்சர் போட்ட உத்தரவு: முதலில் ஹர்ஷிணி, அடுத்து பொள்ளாச்சி, மூன்றாவதாக நான். அதுவும் ஒரு பக்கம் விடாமல். "பக்க நம்பரைப் பார்த்துக்குங்க சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இமயத்துக்குத் தெற்கே தலைசிறந்த விமர்சகன் மத்தியானத்திலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். ஹர்ஷிணி வேண்டுமென்றே மெதுவாகப் படிக்கிறாள். ஒரு இடத்தில் சிரித்தாள். என்ன என்று எழுந்து கேட்டேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். ஒரு இடத்தில் வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை. அதை நான் கேட்கவில்லை.

ராமாமணி காப்பி வைத்துவிட்டுப் போனாள். ஹர்ஷிணி குடிக்கவில்லை. நான் இரண்டையும் குடித்தேன்.

இருட்டத் தொடங்கிவிட்டது. தலை நிமிராமலே, "மாமா, லைட்டு" என்கிறாள்.

போட்டுவிட்டு வருகிறேன்.