அப்பா காதில் விழுந்த சக்கை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நாலு பக்கமும் தண்ணீருக்கு நடுவில் வேலை பார்க்கிறாய், சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. நீ கரைக்கு வந்தால்தான் உன் போன் வேலை செய்யும், சாமான் ஏற்றிப் போகிற படகில் கடிதம் கொடுத்தனுப்பலாம் என்று உன் ஆபீசில் சொன்னார்கள். படித்துவிட்டுப் பதறாதே, முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து படி.

நம் ஊர் ஜூஸ் ஃபேக்டரிச் சக்கை விஷயம்தான். நீ படகு ஏறும்போது அப்பாவோடு போனில் பேசினாயே, உங்கள் பண்ணையில் பழச்சக்கை கலந்து மீனுக்குத் தீவனம் செய்கிறீர்களே, அது எப்படிப் போகிறது என்று கேட்டார் இல்லையா. நீ "சக்கைப் போடு போடுதுப்பா" என்றுதான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியாதா, எது நன்றாக நடந்தாலும் உன் வாயில் அதுதான் வரும், பரீட்சை எழுதிவிட்டு வந்தாலும் அதையேதான் சொல்வாய். படகு இன்ஜின் இரைச்சலில் அவர் காதில் "சக்கையைப் போடு, போடுப்பா" என்று விழுந்து தொலைத்துவிட்டது. போனை வைத்த கையோடு ஃபேக்டரிக்கு ஓடினார். அங்கே அன்னாசித் தோலும் ஆரஞ்சுச் சக்கையும் மலையாகக் கிடக்கிறது, எவனாவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று மேஸ்திரி தவித்துக்கொண்டிருந்தார், கேட்கவா வேண்டும். மறுநாளே டிராக்டரில் சொட்டச் சொட்ட ஈரச் சக்கை வாசலில் வந்து இறங்கியது, கூடை கூடையாக அள்ளி அப்படியே நம் மீன் குளத்தில் கொட்டினார். இதைக் காய வைத்து அரைத்துத் தவிட்டோடு கொஞ்சமாகத்தானே கலப்பார்கள் என்று கேட்டேன். "ஒரு தடவை இல்லடி, ரெண்டு தடவை சொன்னா, போடு போடுன்னு. மீனைப் பத்திப் படிச்சது நீயா அவளா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். டீக்கடை, சலூன் எங்கே போனாலும் எம்பொண்ணு சொன்னா எம்பொண்ணு சொன்னா என்று ஒரே தம்பட்டம். நீ சொன்னது அதுவாக இருக்காது என்று பிட்டுப் பிட்டு வைத்தேன், எனக்குப் பொறாமையாம், பெற்ற மகள் மேல் பொறாமை, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்ள.

மீன் கொஞ்சம் கொறித்தது, மீதியெல்லாம் அடியில் தங்கிப் புளித்துவிட்டது. தண்ணீர் பழுப்பாகி, கரைப் பக்கமே போக முடியாத நாற்றம். நேற்று விடிந்ததும் போய்ப் பார்த்தால் மொத்த மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. காற்றடிக்கிற மிஷினைப் போட்டோம், கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அதுவும் கையை விரித்துவிட்டது. உன் மாமா பம்பு கொண்டுவந்து நல்ல தண்ணீர் விட்டான். நானும் அப்பாவும் குளத்தில் இறங்கிக் கையாலேயே தண்ணீரை அடித்து அடித்துக் கலக்கினோம், கலக்கி என்ன பிரயோஜனம், போன தடவை வந்தபோது நீ உன் கையால் விட்ட குஞ்சுகள், இந்த நீளத்துக்கு வளர்ந்தவை, பாதிக்கு மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்துவிட்டது. ஒன்று என் காலில் வந்து முட்டியது, உயிர் இருந்தது. கையில் தூக்கிவிட்டேன், தூக்கி எங்கே கொண்டுபோவேன், சொல்லு. திரும்ப அந்தத் தண்ணீரிலேயேதான் விட்டேன்.

கரையில் ஊரே கூடிவிட்டது. உன் மாமா வாய் சும்மா இருக்குமா, "இதுக்குத்தான் மச்சான் அவளை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வச்சீங்களா? நல்லா சொல்லிக்கொடுத்திருக்கா" என்று கேட்டுவிட்டான். அப்பா தண்ணீரில் நின்றபடியே, "அவ ஒண்ணும் சொல்லலை. நானாத்தான் போட்டேன். அவ பேரை இதுல இழுக்காதே" என்று சொன்னார். இத்தனை நாள் தெருவில் போகிறவரை நிறுத்தி நிறுத்தி நீதான் சொன்னாய் என்று சொன்ன மனுஷன், அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னார் கண்ணு. உன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அது பொய்யில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இனிமேல் போய் அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழுமா? சொல்லாமல் விட்டால், பிள்ளை தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டது என்று காலம் பூராவும் உனக்காக உள்ளுக்குள் மருகுவார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

டிராக்டரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மீதி மீன் இன்னும் மேலேதான் நிற்கிறது, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இருக்குமோ என்னவோ. அடியில் கிடப்பதை எப்படி வாருவது, மேற்கொண்டு என்ன செய்வது என்று உனக்குத் தெரிந்ததை எழுது, போனில் சொல்லாதே, தாளில் எழுதி அனுப்பு. கரைக்கு வந்ததும் அப்பாவைக் கூப்பிடு. மீனெல்லாம் ஜோராக இருக்கிறது என்றுதான் சொல்வார். நம்பினது மாதிரி கேட்டுக்கொள். படகில் நிற்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நில், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார். நான் என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. இங்கே எல்லாம் சுகம் என்று அவர் சொன்னதாக எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்